டியூப்லைட் மஞ்சளாத் தெரியுதுடா

பயோடெக் பசங்களைத் தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்லுவாங்க: “மூணு சோடியம் வெளியே, ரெண்டு பொட்டாசியம் உள்ளே.” செல் சவ்வுல உட்கார்ந்திருக்கிற சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸ் என்ற நொதியோட வேலை அது. மெக்கானிக்கல் நண்பர்களே, உங்க பம்ப் மாதிரிதான். கரண்ட்டுக்குப் பதிலா ஏடிபி. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ நண்டு நரம்புல இதைக் கண்டுபிடிச்சு எழுதினது 1957-ல். நோபல் கிடைச்சது 1997-ல். நாம ரீவேல்யுவேஷன் ரிசல்ட் லேட்டுன்னு புலம்புறோம்!

மூணாவது செமஸ்டர்ல இதை 13 மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிட்டிருந்த வாரம், தாத்தா சொன்னார்: “டேய், டியூப்லைட் மஞ்சளாத் தெரியுதுடா.”

“கண்ணாடி மாத்தணும் தாத்தா.” புக்கை விட்டுத் தலையைத் தூக்கல.

அவருக்குச் சாப்பாடு இறங்கல. பித்தம்னு பாட்டி சுக்குக் கஷாயம் வெச்சாங்க. மூணாம் நாள் வாந்தி, நாடித்துடிப்பு தாறுமாறு, ஐசியூ.

இதயத்துக்காக அவர் சாப்பிடுற டிஜாக்சின் ரத்தத்துல அதிகமாயிருக்கு, நீர் மாத்திரையால பொட்டாசியம் குறைஞ்சிருக்கு, மஞ்சளாத் தெரியுறதும் அதனாலதான்னு டாக்டர் சொன்னார். எனக்கு வியர்த்துடுச்சு. டிஜாக்சின் போய்ப் பிடிக்கிறது என்னோட 13 மார்க் பம்ப்பைத்தான். பம்ப் கொஞ்சம் தளர்ந்தா செல்லுக்குள்ள சோடியம் ஏறும், அதனால கால்சியமும் ஏறும், இதயம் அழுத்தமாத் துடிக்கும். அதுதான் மருந்து. ஆனா பம்ப்புல இடம் பிடிக்க மருந்தோட போட்டி போடுறதே பொட்டாசியம்தான். அது குறைஞ்சா மருந்தோட பிடி இறுகிடும்.

தாத்தா பிழைச்சு வந்துட்டார். டோஸைக் குறைச்சுட்டாங்க.

அடுத்த வருஷம் செல் சிக்னலிங் வகுப்புல இன்னொரு விஷயம் தெரிஞ்சது. இந்த நொதி வெறும் பம்ப் இல்லையாம். டிஜாக்சினோட சொந்தக்காரன் ஊவபெயின் வந்து உட்கார்ந்தா, உள்ளே எஸ்ஆர்சிங்கிற இன்னொரு நொதி விழிச்சுக்கிட்டு, செய்தி நியூக்ளியஸ் வரைக்கும் போகுது. மோட்டாரே காலிங் பெல்லாவும் இருக்கு! பம்ப் அதை நேரடியாத் தட்டி எழுப்புதா, பம்ப் மந்தமாகி ஏடிபி அளவு மாறுறதால எழும்புதாங்கிறதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் சண்டைதான். வகுப்புல எல்லாரும் அம்புக்குறி வரைஞ்சுட்டிருந்தாங்க. எனக்கு அந்த டியூப்லைட்தான் ஞாபகம் வந்துச்சு.

இப்பல்லாம் ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணா, சாப்பிட்டீங்களான்னு கேட்கிறதுக்கு முன்னாடியே, “லைட் என்ன கலர் தாத்தா?”

“வெள்ளைதான்டா. நீ போய்ப் படி.”