மூன்று விரற்கடைத் தண்ணீர்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது நாம் வாயிற்கதவைப் பூட்டி, பூட்டை இருமுறை இழுத்தும் பார்க்கின்றோம். ஆயினும் வீட்டினுள் மற்றொரு பூட்டு இருப்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை. அது தண்ணீரால் ஆன பூட்டு.

குளியலறைத் தரையிலுள்ள சல்லடை மூடிக்குக் கீழேயும், கை கழுவும் தொட்டிக்கு அடியிலும் வளைவொன்று உண்டு. பிளம்பர்கள் அதனை 'டிராப்' என்பர். தரையிலுள்ளதை 'நஹானி டிராப்' என்பர். ஊற்றிய நீர் ஓடிய பின்னரும் அவ்வளைவில் சுமார் 50 மில்லிமீட்டர், அதாவது மூன்று விரற்கடை ஆழத்திற்கு, நீர் தங்கும். சாக்கடையிலிருந்து மேலேறும் காற்றை அந்நீரே தடுக்கிறது. 1775-ஆம் ஆண்டில் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகார வல்லுநர் இத்தகைய வளைவு கொண்ட கழிப்பிடத்திற்குக் காப்புரிமை பெற்றார்.

அந்தக் காற்று வெறும் நாற்றமன்று. தீப்பற்றக்கூடிய மீத்தேனும், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடும் அதில் உண்டு. பின்னது மிகுந்தால் மூக்கின் உணர்வே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி அங்கேயே இருப்பது ஆபத்து.

இங்கு நாகபுரியில் மே மாத வெயில் கிணற்றையே வற்றச் செய்வது. மூன்று விரற்கடை நீர் எம்மாத்திரம்? எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பத்தார் ஐந்து வாரம் கழித்துத் திருநெல்வேலியிலிருந்து திரும்பினர். கதவைத் திறந்ததும் துர்நாற்றம். எலி செத்திருக்கும் என்று பீரோவையும் நகர்த்தித் தேடினோம். இறுதியில் வந்த முதிய பிளம்பர் ஒன்றும் பேசாமல் குளியலறைத் தரையில் இரண்டு வாளி நீரை ஊற்றினார். சன்னல்கள் திறந்திருக்க, சற்று நேரத்தில் நாற்றம் அகன்றது.

2003-ஆம் ஆண்டில் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோரை சார்ஸ் நோய் பற்றியது. குளியலறைத் தரை டிராப்புகள் வறண்டிருந்தமையும் அது பரவியதற்கு ஒரு காரணமென ஆய்ந்தோர் கூறினர்.

பரிகாரமோ எளிது. புறப்படுமுன் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு செம்பு நீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால், நீர் விரைவில் ஆவியாகாது. திரும்பியதும் நாற்றம் இருந்தால், விளக்கேற்றுமுன் சன்னல்களைத் திறந்து, வடிகால்களில் நீர் ஊற்றுக. அதன் பின்னரும் நாற்றம் நீங்காவிடில், டிராப் உடைந்திருக்கலாம், அல்லது பொருத்தப்படாமலே இருக்கலாம். பிளம்பரை அழைத்துக் காட்டுதல் நன்று.

இம்முறை ஊருக்குக் கிளம்பும் அன்பர்கள், பெட்டிகளை வாயிலில் வைத்த பின்னர், ஒரு செம்பு நீருடன் குளியலறை வரை சென்று வருவார்களாக.