கரும்பு வளர்ந்ததும் நின்றுபோன தகவல்

போன இதழ் கேள்வி-பதில் பகுதியில், 'தோப்புக் கிணற்றில் வைத்த கம்பியில்லாக் கருவி 300 மீட்டருக்கு மேல் எட்டவில்லை, என்ன செய்யலாம்?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எங்கள் தோட்டத்திலும் இதே பாடுதான் என்பதால் எழுதுகிறேன்.

கொல்லிமலை அடிவாரத்தில் எங்களுக்கு 4 ஏக்கர். கிணறு பள்ளத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே செல்போன் சிக்னல் கிடையாது. அதனால் சிம் கார்டு போடும் ஸ்டார்ட்டர் எங்களுக்கு ஆகாது. மும்முனை மின்சாரம் பல நாள் நள்ளிரவில்தான் வரும். தண்ணீர் இறங்கியது தெரியாமல் ஓடினால் மோட்டார் காயில் கருகிவிடும். அதைப் பார்க்க 71 வயது மாமனார் டார்ச்சும் தடியுமாக வரப்பில் போவார். அதே வரப்பில் இரண்டு முறை கண்ணாடி விரியனைப் பார்த்திருக்கிறோம். அவர் திரும்பி வந்து கட்டிலில் உட்காரும் சத்தம் கேட்கும்வரை எனக்குத் தூக்கம் வராது.

இதற்காகத்தான் 'லோரா' பெட்டிகள் இரண்டு வாங்கினோம். கிணற்றடிப் பெட்டி நீர்மட்டத்தையும் மோட்டார் ஓட்டத்தையும் அனுப்பும். திண்ணையில் இருப்பது வாங்கிக் காட்டும். 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. குறிப்பிட்ட சக்திக்குள் பயன்படுத்தினால் உரிமம் தேவையில்லை. மாசியில் கரும்பு நட்டபோது ஒழுங்காக ஓடியது. ஆடியில் கரும்பு ஆளுயரம் தாண்டியதும் தகவல் விட்டுவிட்டு வந்தது, பிறகு நின்றேபோனது. ஈரமுள்ள இலைக்கூட்டம் அலையைக் குடித்துவிடும். மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். பெட்டியைப் பொருத்தியவர்கள் ஆன்டெனாவை இடுப்புயரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கேட்டால், தனியாக 'பூஸ்டர்' வாங்கச் சொன்னார்கள். டி.வி-க்கு வாங்கிய பூஸ்டர் ஒன்று ஏற்கெனவே எங்கள் பரணில் தூங்குகிறது!

நாத்தனார் மகன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். "சக்தியை ஏத்துறதுக்கு முன்னாடி ஆன்டெனாவை ஏத்துங்க அத்தை" என்றான். 20 அடி இரும்புக் குழாயை நட்டு, மூன்று பக்கமும் ஸ்டே கம்பி கட்டினோம். ஆன்டெனாவை மட்டும் மேலே வைத்து நீளமாகக் கேபிள் இழுக்கவில்லை. மெல்லிய கேபிள் 10 மீட்டர் போனாலே பாதிக்கு மேல் சக்தி அதிலேயே போய்விடுமாம். அதனால் பெட்டியையே உச்சியில் மாட்டினான். இரண்டு பக்க ஆன்டெனாவும் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தான். திரையில் மைனஸ் 122 என்றிருந்த சிக்னல் அளவு மைனஸ் 104 ஆனது. மைனஸில் எண் குறையக் குறைய சிக்னல் பலம் என்று அர்த்தம். அனுப்பும் வேகத்தையும் குறைத்தான். நிதானமாகப் பேசினால் தூரத்துக்குக் கேட்கும். பேட்டரிதான் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

அப்படியும் அடைமழை நாளில் நடுவிலிருக்கும் புளியந்தோப்பு மறித்தது. தகவலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி ஒன்று இடையில் வேண்டும். அதற்குத் தோதான இடம் எங்கள் பங்காளியின் மோட்டார் அறைக் கூரைதான். வரப்புத் தகராறில் 6 வருஷமாகப் பேச்சில்லை. நானே போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் கிணத்து மட்டமும் அதுல தெரியுமா?" என்றார். இப்போது அவர் கிணற்றிலும் ஒரு பெட்டி இருக்கிறது. கூரைமேல் சிறிய சோலார் தகட்டோடு இரண்டுக்கும் பொதுவான பெட்டி.

கேள்வி கேட்ட வாசகர் தோப்பு என்றாரே தவிர, தென்னையா வாழையா என்று எழுதவில்லை. வாழை என்றால் இலைக்கு மேலே ஆன்டெனா போயாக வேண்டும். வளர்ந்த தென்னை என்றால் மட்டைகளுக்குள் ஏற்றாதீர்கள். அதற்குக் கீழே, மரங்களின் இடைவெளியில் அலை சுலபமாகப் போகும். இடி இடிக்கும்போது குழாய்ப் பக்கம் யாரும் போக வேண்டாம்.