சங்காயத்துக்கு விலை வைத்தவன்

ராமநாதபுரம் கடற்கரையில் நாட்டுப்படகுக்காரர் வீட்டில் பிறந்து, விசைப்படகு கொண்டுவரும் சங்காயத்தை வாங்கி விற்றுக் காசு பார்த்தவன் நான். இழுவைமடியில் சிக்கி வரும் உதிரி மீனைத்தான் எங்கள் பக்கம் சங்காயம் என்போம். மீன்தூள் ஆலைக்குப் போய்க் கோழித்தீவனமாகும். என் கொட்டகையில் பெட்டியைக் கவிழ்த்தால் விரல் நீளப் பாறைக் குஞ்சு, ஓடு இறுகாத நண்டு, பொடிக் கணவாய் எல்லாம் சேறும் சகதியுமாகக் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரியும். எடைபோடும்போது பெயர் எதற்கு?

“நானா பிடித்தேன்? நான் வாங்காவிட்டால் கடலில்தானே கொட்டுவார்கள்” என்பேன். பாதி உண்மை. விலை இல்லாத காலத்தில் கொட்டத்தான் செய்தார்கள். விலை வந்ததும் சங்காயக் காசு டீசலுக்கு ஆனது; இறால் காசு லாபமாக நின்றது. அப்புறம் எந்தப் படகுக்காரர் மடிக்கண்ணைப் பெரிதாக்குவார்? சின்னக்கண் மடியைக் கட்டுப்படியாக்கியது என் தராசு.

பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை உண்டு. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-லேயே சட்டம் வந்துவிட்டது. பெட்டியில் கடற்புல் கலந்து வந்தால் கரையோரம் இழுத்தது என்று பார்த்தவுடன் புரியும். சில நாள் அறுந்த நண்டுவலைத் துண்டும் கிடக்கும். இரண்டையும் ஒதுக்கிவிட்டு எடைபோடுவேன்.

எல்லை தாண்டி இழுத்ததையும் விட்டுவைக்கவில்லை. இலங்கை 2017-இல் இழுவைமடியைத் தடைசெய்தது. அந்தக் கரையில் வலையைப் பறிகொடுப்பவர்களும் தமிழ் பேசும் சிறு மீனவர்கள்தான். அது தெரியாமல் வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நாட்டுப்படகுக்காரர் கூட்டம் நடந்தால் முன்வரிசையில் நான் இருப்பேன். கடலை வழித்துத் துடைக்கிறார்கள் என்று விசைப்படகுக்காரர்களைக் குரல் உயர்த்தித் திட்டுவேன். கைதட்டுவார்கள். மறுநாள் விடியும் முன்பே அவர்களுடைய படகுத்துறையில் பேரம் பேசிக்கொண்டு நிற்பேன்.

வியாபாரத்தை இப்போது மகன் பார்க்கிறான். நிறுத்தச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தம்பி இன்னும் நாட்டுப்படகில்தான் போகிறான். மீன்பாடு இல்லாத மாதங்களில் கடன் கேட்டு என்னிடம் வருவான். வட்டி வாங்காமல் கொடுப்பேன். அவனுடைய கடலை அழித்த காசிலேயே அவனுக்குக் கடன் கொடுத்து, தாராளமான அண்ணன் என்று ஊரில் பெயரும் வாங்கிவிட்டேன்.