சார்ந்து வந்தவை

வட்டில் இடம் அருகிவிட்டதென டெபியன் எச்சரித்த ஒரு மாலையில், எமது மடிக்கணினியைத் துப்புரவு செய்ய முனைந்தோம். மறைந்த எம் ஆசிரியரின் பாடக் குறிப்பேடுகள் பதினொன்றை வருடிச் சேமிக்கும் பணி அப்போது பாதியில் நின்றது. அதற்கென நிறுவி, பின்னர் மனத்துக்கு ஒவ்வாது போன பெரிய மென்பொருளொன்றை முதலில் நீக்கினோம். இனித் தேவைப்படாதவை என நாற்பதுக்கும் மேற்பட்ட பொதிகளின் பெயர்களைத் திரை அடுக்கியது. 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' என்று தட்டினோம். பட்டியலைப் படியாமலே 'ஒய்' என்றும் தட்டினோம். வினாவைப் படியாமல் விடையெழுதும் மாணவரை எத்தனை முறை கடிந்திருப்போம்!

மறுநாள், பக்கங்களின் கோணலை நிமிர்த்தித் தந்த சிறு நிரலைக் காணவில்லை. நாள்தோறும் அதைப் பயன்படுத்திய நாம் அதன் பெயரைக்கூட மனத்தில் கொண்டிருக்கவில்லை. பட்டியில் ஒரு சின்னமாக மட்டுமே அறிவோம்.

நாம் பெயர் சொல்லி நிறுவிய பொதியை 'மேனுவல்' என்றும், வேறொன்றின் துணையாக வந்ததை 'ஆட்டோ' என்றும் ஆப்ட் குறித்து வைக்கிறது. அழைத்து வந்த பொதி போனபின், எஞ்சியவற்றுள் எதுவும் அதைச் சாராமலும் பரிந்துரைக்காமலும் இருந்தால் அது எச்சம். அதை எவர் எத்துணை பயன்படுத்தினார் என்பது கணக்கில் வராது. நம் இலக்கணமும் சார்பைப் பேசியதுதான்: சார்பெழுத்து மூன்றென்றார் தொல்காப்பியர், பத்தென்றார் நன்னூலார். ஆனால் சார்பெழுத்தென்று குற்றியலுகரத்தை ஒதுக்கினால் நாடு, காடு, பாட்டு எதையும் சொல்ல இயலாது. (எழுத்து என்பதையுந்தான்.)

காப்பாற்றியது ஒரு பதிவேடு. ஆப்ட் தான் நிறுவியவற்றையும் நீக்கியவற்றையும் நாள், நேரத்துடன் 'ஹிஸ்டரி.லாக்' என்ற கோப்பில் எழுதிவைக்கிறது. அந்த மாலையின் பதிவை, இம்முறை ஒவ்வொரு பெயராக, விரல் வைத்துப் படித்தோம். முக்கால்வாசி உண்மையிலேயே எச்சங்கள்தாம். அவை போனதில் வருத்தமில்லை. எமது நிரல் கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது. மீண்டும் நிறுவியதும் பழைய அமைப்புகளோடே திறந்தது. நீக்கும் கட்டளை எதுவும் இல்லக் கோப்புறையைத் தொடுவதில்லை. நாமே பெயர் சொல்லி அழைத்ததால் இப்போது அது 'மேனுவல்'. முன்னரே 'ஆப்ட்-மார்க் மேனுவல்' என்ற கட்டளையால் அவ்வாறு குறித்திருந்தால் ஓரிரவின் கலக்கம் மிஞ்சியிருக்கும்.

ஏழாம் குறிப்பேட்டின் நாற்பதாம் பக்கத்தில் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்தே தொடர்ந்தோம்.