நின்ற இடத்தில் நின்ற கணனி

நன்கு இயங்கும் பொறியை எவரும் திறந்து பார்ப்பதில்லை. லினக்ஸ் கணனிகள் பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடப்பதற்கு அவற்றின் உறுதியே ஏதுவாகிவிடுகின்றது. அத்தகையதொரு கணனியை மீட்கும் பணி என்னிடம் வந்தது. 2017 யூனில் வெளிவந்த டெபியன் 9 அதில் இயங்கியது. வாய்மொழிப் பாடல் ஒலிப்பதிவுகள் பற்றிய விவரப்பட்டியல் முழுவதும் அதன் தரவுத்தளத்திலேயே இருந்தது. பிறிதோர் இடத்திற் படியில்லை. பொறுப்பாளர் ஓய்வுபெற்றபின் அதனை எவரும் இற்றைப்படுத்தவில்லை. அப்பதிப்புக்கான நீண்டகால ஆதரவும் 2022 யூன் 30 உடன் முடிவுற்றிருந்தது.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவோம், சேர்" என்றார் உடனிருந்த மாணவர். பெரும்பாலான இடங்களில் அதுவே சிறந்த வழி. ஆயின் இங்கு தேடல் நிரலை எழுதியவரின் குறிப்புகள் எவையும் கிடைக்கவில்லை; எக்கோப்பு எதனைச் சார்ந்தது என்பது அக்கணனிக்கு மட்டுமே தெரியும். எனவே படிப்படியாக ஏறுவதென முடிவாயிற்று. டெபியனில் இடைப் பதிப்பொன்றைத் தாண்டிப் பாய்தல் ஆதரிக்கப்படுவதில்லை: 9இலிருந்து 10, பின் 11, பின் 12. முதலில் வட்டு முழுவதையும் படியெடுத்தோம். தரவுத்தளத்தைத் தனியே எழுத்துக் கோப்பாக எடுத்து, வேறொரு கணனியில் ஏற்றியும் பார்த்தோம். இதற்கே ஒரு நாள் சென்றது.

பொதிகளைப் பெறுவதில் முதல் தடை. காலங்கடந்த பதிப்புகள் வழக்கமான களஞ்சியங்களிலிருந்து காப்பகத்துக்கு மாற்றப்படுகின்றன; முகவரியை மாற்றவேண்டும். அங்குள்ள சில பட்டியல்களின் செல்லுபடிக்காலம் முடிந்திருக்கும். ஏப்ட் அவற்றை ஏற்க மறுக்கும். இவ்விடத்தில் கையொப்பச் சோதனையையே நிறுத்திவிடுமாறு சொல்வோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய பட்டியலெனத் தெரிந்தே ஏற்பது ஒன்று. எவர் அனுப்பியதென அறியாது ஏற்பது முற்றிலும் வேறொன்று. காலச் சோதனையை மட்டும் தற்காலிகமாகத் தளர்த்தினோம்.

உண்மையான அபாயம் ஓசையின்றி வந்தது. 10 ஆம் பதிப்புக்கு ஏறியதும் யாவும் சரியெனவே தோன்றிற்று. பிழைச் செய்தி ஒன்றுமில்லை. ஆனால், பட்டியலிற் கண்ணாற் காணக்கூடிய சில தலைப்புகள் தேடினால் அகப்படவில்லை. காரணம், ஜிலிப்சி என்னும் அடிப்படை நிரலகம். 9இல் அதன் பதிப்பு 2.24, 10இல் 2.28. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் அந்த 2.28இற் பெரிதும் மாறின. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் தேடற் சுட்டிகளோ பழைய விதிப்படி அடுக்கப்பட்டவை. பழைய வரிசையில் அடுக்கிய அகராதியைப் புதிய வரிசை பயின்றவன் புரட்டுவது போன்றது இது. சொல் உள்ளே இருக்கும், அவன் தேடும் பக்கத்தில் இராது. அந்நிலையிற் புதிய பதிவுகளைச் சேர்த்திருந்தால், ஒரே பாடல் தடையின்றி இருமுறை பதிவாகவும் இடமுண்டு. சுட்டிகள் அனைத்தையும் மீளக் கட்டியபின்னரே அத்தலைப்புகள் வெளிப்பட்டன. முறைப்படி நிறுவி முடித்ததையே வெற்றியெனக் கொண்டு அன்றிரவு வீடு சென்றிருப்பின், இதனை எவர் கண்டிருப்பார்?

எஞ்சியவை சிறு வேலைகளே. 11இல் பாதுகாப்புக் களஞ்சியத்தின் பெயரமைப்பு மாறியிருந்தது. 12இல் பைதன் 2 இல்லையாதலால், தேடல் நிரலின் சில பகுதிகளைத் திருத்தி எழுத நேர்ந்தது. அதனை மாணவரே செய்தார். தரவுத்தளத்தையும் 15 ஆம் பதிப்புக்கு மாற்றினோம். டெபியன் 12க்கு 2028 யூன் வரை நீண்டகால ஆதரவுண்டு. 2025 ஓகஸ்டில் வெளிவந்த 13ஐ அடுத்த விடுமுறையில் நிறுவ அவர் நாள் குறித்துள்ளார். அதற்கு முன் வட்டை மறுபடி படியெடுப்பது என் பொறுப்பு.