மேடையேறிய பெயர்கள்

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டினையும் எண்ணத் தொடங்கியவிடத்து நகையையே முதற்கண் வைத்தனர். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடமை என நான்கு என்பதும் அவர் துணிபு. மாணாக்கராயிருந்த காலத்து இதனை யாம் தேர்வுக்கென மனனம் செய்து, தேர்வு முடிந்த மாலையே மறந்தோம். அந்நான்கனுள் ஒன்று ஏனை மூன்றினின்றும் எத்துணை வேறுபட்டது என்பதை எமக்குப் பின்னர்க் கற்பித்தார் இருவர். ஒருவர் நாடறிந்த நகைச்சுவை நாடக ஆசிரியரும் நடிகருமாகிய கிரேஸி மோகன். மற்றவர் யாம் தங்கியிருந்த விடுதியின் சமையற்காரர். இவ்விருவரையும் ஒருங்கு வைத்துச் சில கூற விழைகின்றோம்.

யாம் பிறந்து வளர்ந்தது புத்தூர். உய்யக்கொண்டான் வாய்க்காலின் கரையிலே எமது இல்லம். எம் தந்தையார் பொன்மலை இரயில்வே தொழிற்சாலையிற் பணிபுரிந்தவர். விடியுமுன் மிதிவண்டி ஏறிச் சென்று, பொழுது சாய இல்லம் திரும்புவார். இன்றியமையாத சொற்களன்றிப் பிற பேசார். அந்நாளில் எம் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டியுள்ள வீடு ஒன்றே. நாடகம் ஒளிபரப்பாகும் நாளில் அவ்வீட்டுக் கூடத்திற் சிறுவர் முற்பகுதியில் தரையிலும், பெரியோர் பின்னே சுவரையொட்டியும் அமர்வது வழக்கம். ஒருநாள் அவ்வாறு கிரேஸி மோகனுடைய நாடகமொன்று நிகழ்ந்தது. மாது என்பான் ஒருவன் ஒரு பொய் சொன்னான். அதனை மறைக்க மற்றொரு பொய். அதனை மறைக்க மூன்றாவது. கூடம் முழுதும் நகைத்தது. அந்நகையினூடே முன் ஒருபோதும் கேட்டறியாத குரலொன்று எம் பின்னே எழக்கேட்டுத் திரும்பிப் பார்த்தோம். நகைத்தவர் எம் தந்தையார்! கண்ணீர் வழிய, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து நகைத்தார். அந்நாள்தொட்டுக் கிரேஸி மோகன் என்னும் பெயர் எமக்கு ஒரு நடிகரின் பெயராக மட்டும் இருந்ததில்லை.

அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். மோகன் 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் பிறந்தவர். சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் இயந்திரவியல் பயின்றார். 1972-இல், மாணவராயிருக்கும்போதே, கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த போட்டியொன்றிற்கு ‘கிரேட் பேங்க் ராபரி’ என்னும் நாடகத்தை எழுதி நடித்துப் பரிசு பெற்றார். அப்பரிசினை வழங்கியவர் கமல்ஹாசன் என்பதும், பின்னாளில் இவர் எழுதிய உரையாடல்களால் மிகுதியும் சிறப்புற்ற நடிகர் அக்கமல்ஹாசனே என்பதும் நினைந்து இன்புறற்பாலன. 1976-இல் எஸ். வி. சேகரின் நாடகக் குழுவிற்கென இவர் எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ பெரும் புகழ் ஈட்டியது. நாடகத் தலைப்பின் முதற்சொல் ஆசிரியரின் பெயர்க்கு முன்னே ஏறி நிலைத்துவிட்டது. 1979-இல் ‘கிரேஸி கிரியேஷன்ஸ்’ என்னும் தம் குழுவைத் தொடங்கினார். தம்பி பாலாஜி கதைத்தலைவனாகிய மாதுவாக நடித்து நடித்து ‘மாது பாலாஜி’ எனவே வழங்கப் பெற்றார். இங்ஙனம் அண்ணனுக்கும் தம்பிக்கும் பெயர் தந்தது மேடையே.

பெயர் என்றவுடன் மற்றொன்று கூறாதிருத்தல் இயலாது. மோகனுடைய நாடகங்களிற் கதைத்தலைவியின் பெயர் எப்போதும் ஜானகி. நாடகம் மாறும், கதை மாறும், நடிப்பவரும் மாறுவர், ஜானகி மாறாள். இளம்பிராயத்தில் தம்மைப் பள்ளி மேடையிலே ஏற்றி நடிக்கப் பழக்கிய ஆசிரியையின் பெயரையே அவர் அவ்வாறு வாழ்நாள் முழுதும் வைத்து வந்தனர். ஒரு பள்ளியாசிரியைக்கு மாணவன் ஆற்றக்கூடிய கைம்மாறு இதனினும் வேறு யாதுளது? இரவுதோறும் ஏதேனும் ஒரு சபாவில் அவ்வம்மையார் பெயர் உரக்க அழைக்கப்பட்டது. அழைக்கப்பட்டபோதெல்லாம் மக்கள் மகிழ்ந்தனர்.

நிற்க. ஒரே குடும்பம், ஒரே கூடம், அதே மாந்தர், கிழமைதோறும் புதியதொரு சிக்கல் என அமையும் நகைச்சுவைத் தொடர் தொலைக்காட்சிக்கே உரிய வடிவம் என்பர். 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஐ லவ் லூஸி’ அதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. லூஸில் பால் (1911–1989) என்னும் நடிகையார் அதில் நடித்தனர். பார்வையாளரை எதிரே அமர்த்தி, மூன்று படப்பொறிகளால் ஒருங்கே படம் பிடித்தனர். பார்வையாளரின் நகையொலி நடிகர்க்குக் கேட்டல் வேண்டும் என்பதே அதன் உயிர்நிலை. நம் நாட்டிலோ அவ்வுயிர்நிலை தொலைக்காட்சிக்கு முன்னரே சபா நாடகத்தில் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இற் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, கற்றோரும் உத்தியோகத்தோரும் நாடகமாடுதல் இழிவன்று என நிலைநாட்டினார். அவருடைய ‘சபாபதி’ 1941-இற் படமாகவும் வெளிவந்தது. நம் திருச்சிராப்பள்ளியிலும் இரயில்வே அதிகாரியாகிய எஃப். ஜி. நடேச ஐயர் அம்மரபினை வளர்த்தார். சிறுவராயிருந்த தியாகராஜ பாகவதரை அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றியவர் அவரே. பகலில் அலுவலகம், மாலையில் அரிதாரம் என்னும் இம்மரபில் வந்தவரே மோகன். ‘விடாது சிரிப்பு’ முதலிய தொலைக்காட்சித் தொடர்களிலும் சபா மேடையின் விரைவும் சொல்லடுக்கும் அவரை விட்டு நீங்கவில்லை.

அவர் நகையின் கருவி சொல். ஒருவர் ஒரு பொருளிற் கூற மற்றவர் வேறு பொருளிற் கொள்வர். அப்பிழையைத் திருத்தப் புகுந்தவர் மூன்றாவது பொருளொன்றை விளைப்பர். இது சிலேடையின் வழித்தோன்றல். திருவரங்கத்து மடைப்பள்ளியிற் பணிபுரிந்து பின் திருவானைக்காவிற் புலமை பெற்றவர் என வழங்கப்படும் காளமேகப் புலவரின் வெண்பாக்களை அறிந்த நம்மூரார்க்கு இது புதிதன்று. மோகனும் வெண்பாப் பாடுவதில் தீராக் காதலுடையவர். நாடகமும் திரைப்படமும் போக எஞ்சிய பொழுதெல்லாம் பல்லாயிரம் வெண்பாக்களை யாத்தனர். இரமண மகரிஷியின்மீதும் பாடினர். தளை தட்டாது சொல் அடுக்கப் பழகிய கையே, நொடி தவறாது நகை அடுக்கவும் பயன்பட்டது போலும்.

இனி எமது பிழையைக் கூறுவோம். எம் தந்தையாரை நகைக்க வைத்த அக்கலையில் யாமும் வல்லேம் என்னும் செருக்கு எமக்குக் கல்லூரிப் பருவத்தில் உண்டாயிற்று. விடுதி ஆண்டு விழாவிற்கென ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினோம். விடுதிச் சமையற்காரர் ஒரு காலைச் சிறிது இழுத்து நடப்பவர். பேசுங்கால் முதலெழுத்திலே திக்குவார். அந்நடையையும் அப்பேச்சையும் அவ்வாறே நடித்துக் காட்டினோம்; பாத்திரத்திற்கு அவர் பெயரையே சூட்டினோம். அப்பெயரை ஈண்டு எழுதோம். ஒருமுறை எழுதியதே போதும். மண்டபம் அதிர்ந்தது. நண்பர் எம்மைத் தோள்மேற் சுமந்து சென்றனர்.

மறுநாட் காலை உணவுக்கூடத்தில் அவர் வழக்கம்போல் எம் தட்டில் இட்டிலி இட்டார். பின்னர்ச் சற்றே நின்று, “தம்பி, நேற்று என் மகனையும் நாடகம் பார்க்க அழைத்து வந்திருந்தேன்” என்றார். வேறொன்றும் கூறவில்லை. அடுத்த தட்டிற்குச் சென்றார். சட்டினியும் ஒரு கரண்டி மிகுதியாகவே இட்டிருந்தார்.

யாம் அன்று மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாணம் தடுத்தது, பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்றிருந்தோம், படிப்பும் முடிந்தது.

சில ஆண்டுகள் கழித்து, 1990-இல் வெளிவந்த ‘மைக்கேல் மதன காம ராஜன்’ என்னும் படத்தை மீண்டும் காண நேர்ந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கியது, உரையாடல் மோகனுடையது, கமல்ஹாசன் நான்கு வேடம் தாங்கினார். அவற்றுள் ஒன்று பாலக்காட்டுச் சமையற்காரனாகிய காமேஸ்வரன். கல்யாணச் சமையலில் மீன் விழுந்துவிட, அவன் படும் பாட்டைக் கண்டு நகையாதார் யாவர்? சிறுவராயிருந்தபோது யாமும் விழுந்து விழுந்து நகைத்தோம். இம்முறை எம் உள்ளம் நகைக்குமுன் திடுக்கிட்டது. இவனும் சமையற்காரன், இவன் பேச்சும் பிறர் பேச்சினின்றும் வேறுபட்டது, எனினும் நாம் நகைப்பது அவன் அகப்பட்ட சிக்கலைக் கண்டேயன்றி அவனைக் கண்டன்று. அவனுடைய வெள்ளையுள்ளத்தைக் கண்டு அவன்பால் அன்பே மிகுகின்றது. அப்பொழுதுதான் பண்டு மனனம் செய்த நான்கும் நினைவிற்கு வந்தன. மோகன் எடுத்தாண்டவை இளமையும் பேதைமையும், சொன்னதைச் சொன்னவாறே பற்றிக்கொள்ளும் மடமையுமாம். எள்ளலை அவர் பெரிதும் நாடிற்றிலர். யாமோ ஏனை மூன்றனையும் விடுத்து, எளிதிற் கிட்டும் அவ்வொன்றனையே கைக்கொண்டோம். அவரும் தாமறிந்த ஒருவரின் பெயரை மேடையேற்றினார், யாமும் ஏற்றினோம். அவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு சிறிதன்று.

தொழில் துறந்து நாடகத்திற்கே செல்வோம் என்று யாம் ஒருகால் துணிந்ததும் உண்டு. எம் தந்தையார் சினக்கவில்லை. “அந்த மோகனே எழுதத் தொடங்கியவுடன் வேலையை விட்டாரா?” என்று மட்டும் கேட்டார். உண்மைதான். பொறியியற் பட்டம் பெற்ற மோகன் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்திற் பணியாற்றிக்கொண்டே எழுதினார். நாடகம் தம்மைத் தாங்கும் என்று கண்ட பின்னரே முழுநேர எழுத்தாளரானார். ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ என்னும் அவர் நாடகத்தைக் கே. பாலசந்தர் 1983-இல் ‘பொய்க்கால் குதிரை’ என்னும் படமாக்கினார். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989), ‘சதி லீலாவதி’ (1995), ‘அவ்வை சண்முகி’ (1996), ‘பஞ்சதந்திரம்’ (2002) எனத் திரையுலகம் அவரை வேண்டி நின்ற காலத்தும் மேடையை விட்டாரல்லர். ‘சாக்லேட் கிருஷ்ணா’ நாடகத்திற் கண்ணனாகத் தாமே வேடம் புனைந்து முதுமையின் தொடக்கத்திலும் ஆடினார்.

2019-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் மாரடைப்பால் அவர் காலமானார் என்னும் செய்தி வந்தது. அகவை அறுபத்தாறு. எம் தந்தையார் அப்போது இல்லை. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அவ்வாரமே, பிறர் வழிகாட்ட, பழைய சமையற்காரர் இல்லத்தைத் தேடிச் சென்றோம். அது எம் இல்லத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவே. அத்தொலைவைக் கடக்க எமக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. சுவரில் மாலையிட்ட படத்தில் அவர் இருந்தார். மகன் எம்மை அமர்த்திக் காப்பி அளித்தார். வந்த காரியத்தைத் தட்டுத் தடுமாறிக் கூறினோம். அன்று முதலெழுத்திலே திக்கியவர் யாமே. அவர் சிறிது நேரம் வாய்க்காற் பக்கம் நோக்கியிருந்து, “எனக்கு நினைவில்லை ஐயா” என்றார். மெய்யாகவே மறந்தனரோ, எம்மைக் காத்தற்பொருட்டு அங்ஙனம் கூறினரோ, இன்றளவும் அறியோம். தந்தையைப் போன்றே மகனும் என்று மட்டும் எண்ணிக்கொண்டு மீண்டோம்.

அன்பார்ந்த மாணாக்கர்காள், ஆண்டுதோறும் உங்கள் விடுதிகளில் விழா நிகழும்; நகைச்சுவை நாடகமும் நிகழும். நிகழ்க! நகை இல்லாத கல்லூரி கல்லூரியன்று. ஆனால் ஒருவர் பெயரை எழுதுமுன், அவருடைய மகனோ மகளோ முதல் வரிசையில் அமர்ந்திருப்பதாகக் கொள்க. அப்பிள்ளையும் சேர்ந்து நகைக்குமாயின் எழுதுக. இயலுமேல், உங்களை மேடையேற்றிய ஓர் ஆசிரியரின் பெயரையும் எங்கேனும் ஓரிடத்து வைத்துச் செல்க. காணச் செல்ல வேண்டியவர் எவரேனும் உளராயின், இவ்விதழை மூடிவைத்து இன்றே செல்க.