பொருத்தம் பார்த்த கதை

பொருத்தம் பார்ப்பது கலியாண வீட்டாருக்கே உரிய காரியம் என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சாதகக் கட்டுகளைச் சுமந்து அலைவோரைக் கண்டு நகைத்ததும் உண்டு. அந்த நகைப்புக்குரிய தண்டனை, சென்ற ஐப்பசியிலே ஒரு கணினியின் உருவில் எமக்கு வந்து வாய்த்தது.

எஹலியகொடைப் பக்கத்து ஐப்பசி இடியை அறிந்தவர் அறிவர். காலையில் நல்ல வெயில் காயும். பிற்பகலில் இறப்பர் மரங்களின் மேல் மேகம் கவியும். விளக்கு வைக்குமுன் மலையே பிளப்பது போல் முழங்கும். அன்று விழுந்த இடியில் அயல் வீட்டுத் தொலைக்காட்சியும் எம் வீட்டுக் கணினியும் ஒருங்கே மௌனமாயின. அக்கணினி ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து, பின்பு பாவித்த பொருளாக எம்மிடம் வந்து சேர்ந்தது. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் எம் பேத்திக்கு அதுவே கொப்பி, அதுவே கரும்பலகை. ஒப்படைக்க வேண்டிய செயற்றிட்டம் பாதியில் நின்றது. அவகாசமோ 12 நாள்.

"பவர் சப்ளைதான் போயிருக்கும் தாத்தா. முதலில் பெட்டியைத் திறந்து உள்ளே எந்தச் செருகி இருக்கிறதென்று பார்ப்போம். பிறகு வாங்கலாம்" என்றாள் அவள்.

"மின்சாரத்தில் ஏதம்மா சாதிபேதம்?" என்று சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடி மாற்றுவதற்கென்று ஓய்வூதியத்தில் ஒதுக்கி வைத்திருந்த பணத்துடன் மறுநாட் காலை நாம் கொழும்பு பஸ் ஏறினோம். கடைக்காரர், "என்ன போர்ட் ஐயா?" என்று இருமுறை வினவினார். "கணினி போர்ட்தான்" என்று இருமுறையும் கம்பீரமாக விடையிறுத்தோம். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் உண்மை விளங்கியது. புதிய மின்வழங்கியின் பெரிய செருகியில் இரண்டு வரிசையாக 24 துளைகள். எம் கணினியின் தாய்ப்பலகையிலோ அதற்கென இருந்த இடத்தில் 6 முட்களே!

பேத்தி நகைக்கவில்லை, விளக்கினாள். முற்காலத்துக் கணினிகளில் இரண்டு செருகிகளை அருகருகே மாட்ட வேண்டுமாம். இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவிலே சேர்ந்திருக்க வேண்டும், இடம் மாறினால் பலகை கருகிப் போகும். இன்ரெல் நிறுவனம் 1995இல் ஏ.டி.எக்ஸ். என்னும் ஒழுங்கை வகுத்து 20 துளைச் செருகி ஒன்றாக்கியது. 2003இல் அது 24 ஆயிற்று. நடுவே, 2000ஆம் ஆண்டளவில், செயலிக்கென 12 வோல்ட் தரும் நான்கு துளைச் செருகி தனியே வந்தது. அதுவும் பின்னர் எட்டாகப் பெருகியது. மஞ்சட் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5, செம்மஞ்சள் 3.3, கறுப்பு நிலத்தொடுப்பு. இவ்வளவும் பொதுவழி. அலுவலகக் கணினி செய்யும் பெரிய கம்பனிகள் சில இவ்வழியை விட்டு விலகி, 12 வோல்ட்டை மாத்திரம் அனுப்பி, மற்றவற்றைப் பலகையே ஆக்கிக்கொள்ளும்படி அமைத்துவிட்டன. அதனாலேயே ஆறு முள்.

இதைக் கேட்டபோது எமக்கு எங்கள் பழைய ரயில் நினைவுக்கு வந்தது. களனிவெளிப் பாதை அவிசாவளையைக் கடந்து, எஹலியகொட, இரத்தினபுரி வழியாக ஓபநாயக்க வரை ஓடிய காலம் அது. அதன் தண்டவாள அகலம் 2 அடி 6 அங்குலம். ஏனைய பாதைகளுக்கு 5 அடி 6 அங்குலம். கண்டிக்குப் போகும் பெட்டி எத்துணை உயர்ந்ததாயினும் எங்கள் பாதையில் ஓர் அங்குலமும் நகராது. 1976உடன் எங்கள் ஊருக்கு ரயில் இல்லாமற் போயிற்று. சிறுவராய் இருந்தபோது அந்த வண்டியிலே போய் வந்தும் இப்பாடம் எம் மண்டையில் ஏறவில்லையே!

விபரீதம் இத்துடன் நிற்கவில்லை. மின்வேலை தெரிந்த அயலவர் ஒருவர், "வயரை வெட்டி, நிறம் பார்த்து முறுக்கிவிட்டால் முடிந்தது ஐயா" என்றார். பணத்தை வீணாக்கிவிட்டோமே என்ற வெட்கத்தில் நாமும் இசைந்துவிட்டோம். பேத்தி பெட்டியின்மேல் கையை வைத்து மறித்தாள்.

"வேண்டாம் தாத்தா. நிறுத்தி வைத்திருக்கும்போதும் ஒரு கம்பியில் மின்சாரம் வந்துகொண்டிருக்கும். பொதுவான சப்ளையில் அது 5 வோல்ட். இப்படிப்பட்ட போர்ட் சிலவற்றில் 12 வோல்ட்டுக்குக் கிட்ட வேண்டும். நிறத்தை நம்பக் கூடாது. சப்ளை எரிந்தால் இன்னொன்று வாங்கலாம். போர்ட் எரிந்தால் எனக்கு ஒன்றுமே இல்லை."

அவள் எம் சொல்லை மறுத்தது அதுவே முதல் முறை. நாம் சினந்து எழுந்து வெளித்திண்ணையில் போய் அமர்ந்தோம். உணவுக்கு அழைத்தபோதும் போகவில்லை. நள்ளிரவில் உள்ளே எட்டிப் பார்த்தால், டோர்ச் வெளிச்சத்தில் அவள் பழைய மின்வழங்கியின் மேலொட்டியிருந்த சிறு எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள்: இலக்கம், வோல்ட், வாற்று, எந்தத் துளையில் எந்தக் கம்பி, பெட்டியின் நீள அகலம். நாம் ஒன்றும் பேசாமல் டோர்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டோம்.

அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு அவளுடைய ஆசிரியர் நான்கைந்து இடங்களில் விசாரித்தார். கழித்த கணினி ஒன்றிலிருந்து எடுத்த, அதே இலக்கமுடைய மின்வழங்கி எட்டாம் நாள் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. விலை, நாம் கொழும்பில் கொடுத்ததில் பாதிகூட இல்லை. இடி தாய்ப்பலகையையும் தீண்டியிருக்குமோ என்ற பயம் மட்டும் எஞ்சியிருந்தது. செருகி தன் இடத்தில் 'கிளிக்'கென்று அமர்ந்தது. அவள் பொத்தானை அமுக்கினாள். காற்றாடி சுழன்றது; திரையிலே ஒளி வந்தது. சமையற்கட்டிலிருந்து அவள் பாட்டி ஓடிவந்து, "எரிந்துவிட்டதா?" என்று கேட்டாள்.

செயற்றிட்டம் தவணைக்கு ஒரு நாள் முன்பே ஒப்படைக்கப்பட்டது. எமது மூக்குக்கண்ணாடி அடுத்த மாத ஓய்வூதியத்திலே வந்தது. அதை அணிந்துகொண்டு நாம் முதன்முதலாக வாசித்தது, அலுமாரியிற் கிடக்கும் அந்தப் புதிய மின்வழங்கியின் அட்டைப்பெட்டியை. அதன் பக்கத்திலே, செருகியின் படமும் 24 என்ற இலக்கமும் மிகத் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன.